நேராக்கிய மரங்கள்

சுண்டுவைப் போன வாரம் கல்லூரிக் கம்ப்யூட்டர் அறையில், நகத்தைக் கடித்தபடி விட்டுவிட்டு வந்தோம். இன்னும் அங்கேதான் இருக்கிறாள். கடிக்க நகம்தான் மிச்சமில்லை.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. வீட்டில் கடைசி என்பதால் அவள் சுண்டு. படிப்பது புகைப்படக் கலை. பெற்றவர்கள் இல்லை, அண்ணன்தான் வளர்த்தான். மலையடிவாரத்தை வெட்டிக் கட்டிய புது வீட்டு வரிசைக்கு அவன் சைட் சூப்பர்வைசர். "படம் புடிக்கறதெல்லாம் ஒரு படிப்பா" என்று சொந்தக்காரர்கள் உதட்டைப் பிதுக்கியபோது, "என் தங்கச்சி, என் பாடு" என்று அவர்கள் வாயை அடைத்துவிட்டு அவளுக்குக் கேமரா வாங்கிக் கொடுத்தவன். அந்த வரிசையிலேயே ஒரு வீடு அவனுக்கும் அமைந்திருக்கிறது. மனைவி குழந்தையோடு இன்றுதான் குடிபோகிறான். மாடியில் சுண்டுவுக்கென்று ஓர் அறைகூட உண்டு.

அவளை நகம் கடிக்க வைத்த சங்கதி இதுதான். இயற்கைக் காட்சிப் பாடத்துக்காக ஒரே இடத்தை ஒரே கோணத்தில் வாராவாரம் படமெடுக்கச் சொல்லியிருந்தார்கள். அவள் அந்த மலையை எடுத்தாள். அண்ணனுக்கும் அதே மலையை வாராவாரம் படமெடுத்துத் தலைமை அலுவலகத்துப் பெரிய இன்ஜினியருக்கு அனுப்பும் வேலை இருந்தது. மலைக்குப் பக்கவாட்டில் இருந்த பழைய கட்டடத்தின் மொட்டை மாடிக்கு ஏற வேண்டும், அவனுக்கோ முட்டி வலி. "உனக்குப் பாடம், எனக்கு ஆபீஸ் வேலை. ஒரே கல்லுல ரெண்டு மாங்கா" என்று தங்கையிடம் தள்ளிவிட்டான். அவளும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள்.

மழைக்காலம் முழுக்க எடுத்தாள். சரிவில் வரிசையாக நிற்கும் தைல மரங்கள்தான் படத்துக்கு உயிர். ஆனால் ஒவ்வொரு முறையும் மரங்கள் ஒரு பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து விழுந்தன. கேமரா ஸ்டாண்டின் ஒரு கால் லொடலொடவென்று ஆடும், அதன் வேலைதான் என்று அவள் நினைத்தாள். கம்ப்யூட்டரில் படத்தை மெல்லத் திருப்பி மரங்களை நேராக நிறுத்தினாள், ஓரங்களை வெட்டினாள், வானத்துக்குக் கொஞ்சம் நீலம் கூட்டினாள். அழகான படங்கள். அண்ணனுக்கும் அதையேதான் அனுப்பினாள். கோணல் படத்தை அனுப்பினால் இரண்டு நாளைக்குக் கிண்டல் செய்வானே.

கண்ணாடி மேடம் என்று பிள்ளைகள் கூப்பிடும் வகுப்பாசிரியை, "திருத்தினதுக்குப் பக்கத்துலயே அசலையும் வச்சுக் கொடு" என்று சொன்னதால்தான் இன்று அசல் படங்களை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தாள். திறந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

படத்தின் இடது ஓரத்தில் ஒரு பம்ப் ரூம் உண்டு. சமதரையில் நிற்கும் சிமென்ட் கட்டடம். நேராக்கும்போதெல்லாம் அது எதிர்ப்பக்கம் கோணிக்கொண்டு அசிங்கமாக வந்ததால், வாராவாரம் வெட்டி எறிந்திருந்தாள். அசல் படங்களில் அது அப்படியே இருந்தது. முதல் வாரமும் நேராக, கடைசி வாரமும் நேராக. ஸ்டாண்டு சரிந்திருந்தால் பம்ப் ரூமும் அல்லவா சரிந்திருக்க வேண்டும்?

மரங்கள் மட்டும்தான் சாய்ந்திருந்தன. வாரத்துக்கு வாரம் கூடுதலாக. எல்லாம் வீடுகள் இருக்கும் பக்கமாக.

எழுந்து வராந்தாவுக்கு வந்து அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"சொல்லு சுண்டு. அலமாரி மாடிப்படியில சிக்கிட்டு நிக்குது. நாலு பேரு தூக்கறாங்க, நாற்பது பேரு யோசனை சொல்றாங்க."

"அண்ணா, அந்த மலைப் படம் எதுக்கு வாராவாரம் கேக்கறாங்க?"

"இப்ப ஏன் அது?"

"சொல்லுண்ணா."

"மரம் நேரா நிக்குதான்னு பாக்க. அடிவாரத்தை வெட்டியிருக்கோம் இல்ல, மண்ணு நகர்ந்தா முதல்ல மரம்தான் சாயும். அதான். யோவ், அந்தப் பக்கம் புடிங்கப்பா, சுவத்துல கீறல் விழுது."

"இதை ஏன் எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"நீ படம் எடுக்கற பொண்ணு. உங்கிட்ட மண்ணைப் பத்தி என்னத்த சொல்ல. சீக்கிரம் வா, உன் ரூமுக்குக் கட்டில் ஏத்தியாச்சு."

போனை வைத்துவிட்டான். எதற்கு அந்தப் படம் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை என்ன செய்கிறேன் என்று இவளும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரே வீட்டில் ஒரே மேசையில் தினம் சாப்பிட்டு, வாய் ஓயாமல் பேசுகிற இரண்டு பேர்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டாள். மேகம் இறங்கி வந்து மலையின் தலையை மூடியிருந்தது. பக்கத்தில் இருந்த பெண், "இன்னிக்கும் மழைதான் போல" என்றாள்.

வீட்டு வரிசை வெள்ளை வெளேரென்று நின்றது. பாதிக்கு மேல் குடிவந்தாயிற்று. பால்கனிகளில் துணி காய்ந்தது. வரிசைக்குப் பின்னால் வெட்டுப்பட்ட மண், அதற்கு மேலே சரிவு, சரிவில் தைல மரங்கள். திரையில் பார்த்த கண்ணோடு நேரில் பார்த்தாள். இத்தனை நாளும் இதைப் பார்க்காமல் எப்படி இருந்தோம் என்று தன் மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது. இருக்காதா பின்னே? அவள் மலையைப் பார்த்ததே இல்லை, படத்தைத்தானே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் பாதி காலியான லாரி. மெத்தை ஒன்று தரையில் கிடக்க, அதன் மேல் அண்ணன் மகள் உருண்டை குதித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, என் ரூம்ல மலை தெரியுது" என்றாள் உருண்டை.

"வாங்க மகாராணி" என்றாள் அண்ணி, கையில் பாத்திரப் பெட்டியோடு. "பாதிச் சாமானை இறக்கி முடிச்சப்புறம் கரெக்டா வந்து சேந்தீங்களே. மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? சாப்பிட்டியா?"

"அண்ணன் எங்க அண்ணி?"

"சமையலறையில. குழாயில தண்ணி கலங்கலா வருதுன்னு குடைஞ்சுக்கிட்டு இருக்காரு."

சுண்டு உள்ளே போய், பிரிக்காத ஃபிரிட்ஜ் பெட்டியின் மேல் மடிக்கணினியை வைத்துத் திறந்தாள். அண்ணன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"இது நான் உனக்கு அனுப்பினது. இது கேமராவுல இருந்த அசல். பம்ப் ரூமைப் பாரு. அப்புறம் மரத்தைப் பாரு."

"உன் ஸ்டாண்டு சரிஞ்சிருக்கும். அதான் லொடலொடன்னு ஆடுமே."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். பம்ப் ரூமைப் பாருண்ணா."

பார்த்தான். அவள் அடுத்த படத்துக்குப் போனாள், அதற்கும் அடுத்த படத்துக்குப் போனாள். அண்ணன் முகத்தில் இருந்த சிரிப்பு எப்போது போனது என்று அவளுக்கே தெரியவில்லை. கடைசிப் படம் வந்தபோது அவன் துண்டை இறுக முறுக்கிப் பிடித்திருந்தான்.

"எதுக்கு நேராக்கின?"

"கோணலா இருந்தா நல்லா இல்லண்ணா. எங்க கிளாஸ்ல முதல்ல சொல்லித் தர்றதே அதுதான்."

"எங்கிட்ட கேட்டிருக்கலாமே."

"நீ சொல்லியிருக்கலாமே."

அவன் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"இந்த அசலை வேற யார் பாத்தாங்க?"

"யாரும் இல்ல. நாளைக்கு மேடம்கிட்ட கொடுக்கணும்."

"அதையும் நேராக்கிக் கொடுத்துடு."

சுண்டு நிமிர்ந்து பார்த்தாள். அவள் அண்ணன்தான். காய்ச்சலில் அவள் புரண்ட நாட்களில் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்த அதே மனிதன். கண்ணில் மட்டும் வேறு யாரோ இருந்தார்கள்.

"சொல்றதைக் கேளு. மழை நின்னா மண்ணு இறுகிடும். நான் பக்குவமா ஏதாவது காரணம் சொல்லி அங்க ஒரு தடுப்புச் சுவர் எழுப்ப வைக்கறேன். இப்ப வாயைத் திறந்தா எல்லாம் போச்சு. நானே மேல ஏறி எடுத்ததா ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் கையெழுத்துப் போட்டிருக்கேன் சுண்டு. வேலை மட்டும் போகாது. என்னைத் தூக்கி உள்ள வச்சிடுவாங்க. உன்னையும் கூப்பிட்டுக் கேப்பாங்க."

"அதுவரைக்கும் இங்க இருக்கறவங்க?"

"ஒண்ணும் ஆகாது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவனுக்குத் தெரியாது. தெரியாது என்பது அவன் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று பார்க்கிறவர்கள் உண்டு. இவனோ மலையையே மறைக்கப் பார்த்தான்.

"என்ன நேராக்கணும்?"

அண்ணி வாசற்படியில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. பாத்திரப் பெட்டி இன்னும் கையிலேயே இருந்தது.

"ஒண்ணுமில்ல. இவ காலேஜ் விஷயம்" என்றான் அண்ணன்.

"எங்கிட்டயே கதை விடாதீங்க." அண்ணி பெட்டியைக் கீழே வைத்தாள். "சுண்டு, நீ சொல்லு."

சுண்டு அண்ணனைப் பார்த்தாள். அவன் பார்வையைக் குழாய்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் சொல்லிவிட்டாள். சொல்லச் சொல்ல அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அண்ணனைக் காட்டிக்கொடுக்கிறோம் என்ற துக்கம் ஒரு பக்கம், எல்லாவற்றுக்கும் தன் கைதானே காரணம் என்ற குற்ற உணர்ச்சி மறுபக்கம்.

அவள் சொல்லி முடித்ததும் அண்ணி கணவனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"உருண்டையை இன்னிக்கு எந்த ரூம்ல தூங்க வைக்கட்டும்?"

அண்ணன் மாடிப்படிப் பக்கம் திரும்பினான்.

"சொல்லுங்க. நீங்க சொல்ற ரூம்லயே படுக்க வைக்கறேன்."

அவன் அப்படியே ஃபிரிட்ஜ் பெட்டியில் சாய்ந்து முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டான். அண்ணி வெளியே போய் லாரிக்காரரிடம், "அண்ணே, இறக்கினதை எல்லாம் திரும்ப ஏத்துங்க" என்று சொல்லும் குரல் கேட்டது. "எதும்மா? எல்லாத்தையுமா?" என்று அவர் கேட்பதும் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான். பெரிய இன்ஜினியரைக் கூப்பிட்டு, சுண்டுவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான். தைரியத்துக்காகவும் இருக்கலாம்.

"சார், ஒரு தப்பு நடந்து போச்சு" என்று தொடங்கி, திக்கித் திணறி எல்லாவற்றையும் சொன்னான். அந்தப் பக்கம் மவுஸைத் தட்டும் சத்தம் கேட்டது.

"உங்க படமெல்லாம் என் முன்னாடிதான் இருக்கு" என்றார் இன்ஜினியர். "மரமெல்லாம் அழகா நிக்குதே."

"அது என் தங்கச்சி திருத்தினது சார். அசல் இங்க இருக்கு, இப்பவே அனுப்பறேன். அதுல சாஞ்சிருக்கு."

"கம்ப்யூட்டர்ல நேராக்கத் தெரிஞ்ச பொண்ணுக்குச் சாய்க்கத் தெரியாதா?"

சுண்டுவுக்கு யாரோ கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. குனிந்து போனிடம் பேசினாள். "சார், கேமரா கார்டு அப்படியே இருக்கு. யார்கிட்ட வேணாலும் கொடுத்து சோதிங்க."

"அம்மா, இத்தனை நாள் பொய்ப் படம் அனுப்பினேன்னு நீங்களே சொல்றீங்க. இப்ப அனுப்பறது நெஜம்னு நான் எப்படி நம்பறது? நம்பி வரிசையையே காலி பண்ணச் சொல்லவா? நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் அந்தக் கேமரா, கம்ப்யூட்டரோட ஆபீசுக்கு வாங்க. பேசுவோம். அதுவரைக்கும் குடியிருக்கறவங்ககிட்ட ஒரு வார்த்தை போகக் கூடாது. பீதியைக் கிளப்பினா அதுக்கு முழுப் பொறுப்பு சூப்பர்வைசர்தான். புரியுதா?"

"சரி சார்" என்றான் அண்ணன். பழக்கம் அப்படிச் சொல்ல வைத்தது.

ஜன்னலுக்கு வெளியே தூறல் விழ ஆரம்பித்திருந்தது. அண்ணியும் திரும்பி வந்து வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். முதலில் நகர்ந்தது சுண்டுதான். மடிக்கணினியைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பின்னாலேயே அண்ணி, உருண்டையை இடுப்பில் தூக்கிக்கொண்டு.

"எங்க போறீங்க?" என்றான் அண்ணன்.

"வீடு வீடா" என்றாள் அண்ணி. "நீங்க வர்றதுன்னா வாங்க."

வரிசையின் முதல் வீடு ஒரு பேங்க்காரருடையது. கதவைத் திறந்தவர் மலர்ந்த முகத்தோடு உள்ளே கூப்பிட்டார். சுண்டு நின்ற இடத்திலேயே சொன்னாள். மலை நகர்கிறது, மரம் சாய்கிறது, இன்றைக்கே இங்கிருந்து போய்விட வேண்டும் என்று. அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு திரும்பிக் கூடத்துச் சுவரைக் காட்டினார்.

அங்கே அவள் எடுத்த படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. நீலம் கூட்டிய வானம், நட்டுவைத்த கம்புகளாக நேராக நிற்கும் தைல மரங்கள்.

"சாவி கொடுக்கறப்ப கம்பெனியில எல்லா வீட்டுக்கும் ஒண்ணு கொடுத்தாங்க" என்றார். "தினமும் பாக்கறேன். எங்கம்மா சாஞ்சிருக்கு?"

"அது நான் எடுத்த படம் சார். அது பொய்."

"அது பொய்யா? இல்ல நீ இப்ப சொல்றது பொய்யா?"

படத்தை எடுத்தவளே அவள்தான். அவள் பேச்சைக் கேட்காதே என்று அவள் படமே சுவரில் இருந்து சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. தலை குனிந்து நின்றாள். மழை முதுகில் இறங்கியது.

"அவ இப்ப சொல்றதுதான் சார் நெஜம்."

அண்ணன் நனைந்துகொண்டு பின்னால் நின்றான். முட்டி வலியோடு வேகமாக நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது.

"நான்தான் இந்த இடத்துக்கு சூப்பர்வைசர். அந்தப் படத்துக்கெல்லாம் கையெழுத்துப் போட்டவன் நான். எடுக்காததை எடுத்தேன்னு போட்டேன். என் பேர்ல போலீஸ்ல சொல்லுங்க, கோர்ட்டுக்குப் போங்க, அதெல்லாம் அப்புறம். இப்ப வீட்டுல இருக்கறவங்களைக் கூட்டிக்கிட்டு மெயின் ரோட்டுக்கு வந்துடுங்க."

பேங்க்காரர் அவனையே பார்த்தார். வேலையைத் தானே தூக்கி எறிகிற ஒருவனை அவர் இதற்குமுன் பார்த்திருக்க மாட்டார் போல. உள்ளே திரும்பி, "குடையை எடு, குழந்தைகளைக் கூப்பிடு" என்றார்.

அதன்பிறகு வேலை வேகமாக நடந்தது. இரண்டாவது வீட்டுக்குப் பேங்க்காரரே போய்ச் சொன்னார். மூன்றாவது வீட்டில் சண்டை போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். அண்ணி குழந்தைகளை எல்லாம் லாரியில் ஏற்றினாள். நகைப் பெட்டிக்காகத் திரும்பி ஓடிய ஒருவரை லாரிக்காரர் கையைப் பிடித்து இழுத்து வந்தார். சுண்டுவின் நெஞ்சு இன்றைக்கு முதல்முறையாகக் கொஞ்சம் இளகியது. அண்ணன் பக்கத்தில் இருந்தான். நாளைக்கு என்ன வந்தாலும் சரி என்று தோன்றியது.

கடைசியாக வரிசையின் மறுகோடி வீடு. மலைக்கு மிக ஒட்டி இருப்பது அதுதான். ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்க்கும் நர்ஸ் ஒருத்தி அங்கே தனியாக இருந்தாள். பகலில் தூங்குகிறவள். அண்ணன் கதவைப் படபடவென்று தட்டினான்.

"யாரு?" தூக்கக் குரல்.

"சூப்பர்வைசர்மா. கதவைத் திறங்க, அவசரம்."

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. பிறகு கதவு உள்ளே இழுபடும் சத்தம். மறுபடியும் இழுபடும் சத்தம்.

"தாழ்ப்பாளை எடுத்துட்டேனே" என்றாள் நர்ஸ். "கதவு வரமாட்டேங்குதுங்க. காலையில நல்லாத்தான் இருந்துச்சு."

அண்ணன் தோளைக் கொடுத்து முட்டினான். அசையவில்லை. சுண்டு நிமிர்ந்து பார்த்தாள். நிலையின் மேல்சட்டம் ஒரு பக்கமாக இறங்கிக் கதவின் தலையில் உட்கார்ந்திருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு காகிதம் நுழையாது.

"கடப்பாரை" என்றபடி அண்ணன் லாரியை நோக்கி ஓடினான்.

"அக்கா, அங்கேயே நில்லுங்க" என்று சுண்டு கதவோடு முகத்தை வைத்துக் கத்தினாள். மழைச் சத்தத்தில் அது உள்ளே கேட்டதோ என்னவோ.

"பரவால்லம்மா" என்றது குரல். "நான் பின்பக்கக் கதவு வழியா வந்துடறேன்." செருப்புச் சத்தம் கூடத்தைக் கடந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது.

பின்பக்கம் மலை.